கரிமலையில் காத்திருந்தவர்

இன்றைக்குக் காலையில் குற்றாலத்தில் நெய் உருக்குகிற வாசனை அடித்தது. தென்காசியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, நேரே இலத்தூர் திரும்பாமல் பஸ் மாறி அங்கே போயிருந்தேன். மார்கழி மழையில் பேரருவி பாறையே தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி யாரையும் உள்ளே விடவில்லை. குளிக்க முடியாத ஐயப்பசாமிகள் தோளில் துண்டோடு வரிசையாக நின்று அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் ஒரு விடுதி வாசலில் வெளியூர்க் குழு ஒன்று உட்கார்ந்து இருமுடி கட்டியது. ஒருவர் தேங்காய்க் கண்ணைத் துளைத்துத் தண்ணீரைக் கவிழ்க்க, இன்னொருவர் உருக்கிய நெய்யைச் சின்னச் செம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே சிப்ஸ் கடையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் நெய் வாசனை தனியாக வந்து மூக்கில் நின்றது.

லாட்ஜ் வாசலில் முடி கட்டுகிறார்கள் என்று உன்னிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. பழக்கத்தில் போனை எடுத்துவிட்டேன். உன் எண் இன்னும் அதில் இருக்கிறது, 'ஏட்டு' என்ற பெயரில். நீ போய் ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. போனைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அது பாக்கி நிற்கிறது.

நீ போலீஸில் ஏட்டாக ஓய்வு பெற்று ஊருக்கு வந்து குருசாமி ஆனாய். நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால், கம்பத்தில் ஏறும்போது மட்டும் உண்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நீ அப்படி இல்லை. ஒவ்வொரு கார்த்திகையும் இருபது, இருபத்தைந்து பேருக்கு மாலை போட்டுவிட்டு, நாற்பத்தொரு நாளும் பஜனைக்குக் கூட்டிவைத்துக்கொண்டு, அவர்களை ஒரு ஸ்டேஷனை நடத்துகிற மாதிரி நடத்தினாய். நேரத்துக்கு வராதவனை வாசலில் நிறுத்திவைப்பாய். வேன் புளியறைப் பரோட்டாக் கடைகளைத் தாண்டுகிற வரை, கறி வாசனை படக்கூடாது என்று ஜன்னல்களை மூடச் சொல்லுவாய். பயல்கள் மூச்சுமுட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள்மேல் உனக்கு எப்போதும் ஒரு மனக்குறை இருந்தது. இவன்களுக்குப் பக்தி கிடையாது, வேனில் ஏறி இறங்குகிறான்கள், படியேறும்போதுகூடக் கையில் போன் இருக்கிறது என்பாய். முக்கியமாகச் செல்வத்தைக் கண்டால் உனக்கு ஆகாது. இலத்தூரில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற அவன், பஜனையை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருப்பான். அவனை வைத்துத்தான் உன் பேச்சு தொடங்கும். தொடங்கினால் நம்முடைய முதல் யாத்திரையில் போய்த்தான் முடியும்.

"அந்தக் காலத்துல பெருவழியில நடந்தே போனோம்லே. பன்னெண்டு சாமி. ஒருத்தன் காலுல முள்ளு குத்துனா பன்னெண்டு பேரும் உக்காந்துருவோம்."

இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். எருமேலியில் பேட்டை துள்ளிக் காட்டுப்பாதையில் இறங்கியது, அழுதை ஆற்றில் முங்கிக் கல் எடுத்தது, யானை பிளிறியபோது நம் குருசாமி கண்ணை மூடிச் சரணம் சொல்லியது, பனியில் ஒரே போர்வைக்குள் மூன்று பேர் படுத்தது. நீ சொல்லச் சொல்லப் பயல்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். 'சாமியும் அங்கன இருக்காரு, கூட இருந்தவரு' என்று என்னைக் காட்டுவாய். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் தலையை ஆட்டுவேன். நீ லீவில் ஊருக்கு வந்துபோன காலத்திலிருந்தே, நாற்பது வருடத்துக்கு மேல் அப்படித் தலையை ஆட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டு பேர் போனது உண்மை. பனி, யானை, அழுதை எல்லாம் உண்மை. முள் குத்தினால் எல்லோரும் உட்கார்ந்தோம் என்பது மட்டும் உண்மையில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பன்னிரண்டாவது ஆள் மாடசாமி அண்ணாச்சி. கடையத்துக்காரர், கல்யாண வீடுகளில் சமையல் வேலை செய்தவர். நம் குழுவுக்குச் சமைக்க வந்தார். தலையில் இருமுடி, முதுகில் உருளியும் கரண்டியும். நமக்குப் பத்தொன்பது வயது, அவருக்கு நாற்பது இருக்கும். நாம் இரண்டு பேரும் கன்னிச்சாமிகள் என்பதால் கஞ்சியில் நமக்கு மட்டும் இரண்டு அகப்பை கூடுதலாக ஊற்றுவார். மகரஜோதிக்கு முந்தின நாள் கரிமலை ஏற்றத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பாதி மலையில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டார். எழுப்பிப் பார்த்தார்கள். நாலு எட்டு வைத்து மறுபடி உட்கார்ந்தார்.

நம் குருசாமி கெட்டவர் இல்லை. அவர் பத்து வருடம் நடந்தவர், ஜோதியை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. வெயில் ஏறுகிறதைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். பின்னால் எத்தனையோ குழு வருகிறது, யாராவது ஒருத்தர் கூட இருங்கள், கொஞ்சம் தெளிந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஐயப்பன் பார்த்துக்கொள்வான் என்று சொன்னார். யார் இருப்பது என்று யாரும் வாய் திறக்கவில்லை. குருசாமியின் கண் கன்னிச்சாமிகள் பக்கம் வந்தது. நான் குனிந்து கால் கட்டைவிரலைப் பார்த்தேன். உன்னை இருக்கச் சொன்னார். தண்ணீர் இருந்த தூக்குவாளியை உன்னிடம் கொடுத்துவிட்டு நாங்கள் நடந்தோம்.

சாயங்காலம் பம்பையில் நீ வந்து சேர்ந்தாய். ஓடி வந்திருந்தாய், வேட்டியெல்லாம் சிராய்ப்பு. மாடசாமி எங்கே என்று குருசாமி கேட்டார். பின்னால் வந்த கம்பம் ஊர்க் குழுவில் ஒரு வைத்தியர் இருந்தார், அவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன் என்றாய். குருசாமி நெஞ்சில் கை வைத்துச் சரணம் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி. நான் உன் கையைத்தான் பார்த்தேன். காலித் தூக்குவாளி அதில் ஆடிக்கொண்டிருந்தது. நோயாளியை ஒப்படைத்தவன் அவருடைய தண்ணீர் வாளியை ஏன் கொண்டுவருகிறான்? நீ என் கண்ணைப் பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஜோதி தெரிந்தது. நீ விம்மி விம்மி அழுதாய். கன்னிச்சாமிக்கு எவ்வளவு பக்தி என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து, மாடசாமி வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று யாரோ குருசாமியிடம் சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பங்குனியில் உனக்குப் போலீஸ் வேலை வந்தது, நீ பயிற்சிக்குப் போனாய்.

அதன் பிறகு அந்த யாத்திரை உன் வாயில் வளர்ந்தது. வருடத்துக்கு வருடம் அதில் நல்லவர்கள் கூடினார்கள். குருசாமி முனிவர் ஆனார். காடு அடர்ந்தது. மாடசாமி அண்ணாச்சி மட்டும் கதைக்குள் வரவே இல்லை. பதினொரு பேர் சேர்ந்து பன்னிரண்டு பேரின் யாத்திரையை நடந்துகொண்டிருந்தார்கள். உன்னைக் குறை சொல்லவில்லை. கேட்கும்போது எனக்கே அது பிடித்திருந்தது. நம் இளமையில் அப்படி ஒரு காலம் இருந்தது, நாமும் அதில் இருந்தோம் என்று நம்புவது சுகமாக இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் என் வீட்டுக்கு வந்தாய். இந்த வருடம் வேன் எருமேலியோடு நின்றுவிடும், அங்கிருந்து பெருவழியில் நடை, பழைய காலம் எப்படி இருந்தது என்று இந்தப் பயல்களுக்குக் காட்டப்போகிறேன் என்றாய். என்னையும் மாலை போடச் சொன்னாய். நான் முதல் யாத்திரைக்குப் பிறகு மலைக்குப் போனதே இல்லை. முடியாது என்றேன். 'நீ வந்தாத்தான்லே அது முழுசா இருக்கும்' என்றாய். உனக்கு எது முழுசாக வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டேன்.

இருபத்திரண்டு பேர் நடந்தோம். நீ முன்னால் போனாய். அறுபதைத் தாண்டியவன் போல நீ நடக்கவில்லை. பயல்களை விரட்டிக்கொண்டே போனாய். அழுதையில் குளித்து மேடேறியதும் செல்வம் கால் வலிக்கிறது என்று உட்கார, அவனை எல்லோர் முன்னாலும் திட்டினாய். அவன் பதில் சொல்லாமல் எழுந்து நடந்தான். அவன் அந்த வருடம் ஜோதி பார்க்கிறதாக வேண்டிக்கொண்டு வந்திருந்தான். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை. அது உனக்கும் தெரியும்.

ஜோதி நாளன்று காலையில் கரிமலை ஏறினோம். பாதிக்கு மேல் போனதும் நீ நின்றாய். முதலில் காட்சி பார்க்க நிற்கிறாய் என்று நினைத்தேன். கிட்டே வந்தபோது உன் முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. நெஞ்சைப் பிடித்தபடி வேர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாய். தண்ணீர் கொடுத்தால் வாந்தி எடுத்தாய். இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தாய், முடியவில்லை. அப்புறம் எல்லோரையும் பார்த்துச் சொன்னாய்:

"நீங்க போங்க. ஜோதி தவறிரும். நான் இங்கன இருக்கேன், தெளிஞ்சதும் வாரேன். ஐயப்பன் பாத்துக்கிடுவான்."

அதே மலை, அதே வார்த்தை. சொன்னபிறகு நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் நீயும் அதைக் கேட்டுவிட்டாய் என்று தெரிந்தது.

யாரும் நகரவில்லை. செல்வம்தான் முதலில் தலையிலிருந்து இருமுடியை இறக்கினான்.

"ஒங்கள இங்கன விட்டுட்டு நாங்க எந்தச் சாமியப் பாக்கப் போறது?" என்றான்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் பேட்டரி போய்விட்டது, மாற்றவேண்டும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். நீ அதட்டினாய். குருசாமி சொன்னால் கேட்க மாட்டாயா என்றாய். அவன் காதிலேயே வாங்காமல் வழியோரம் போட்டிருந்த கடை ஒன்றில் போய் இரண்டு மூங்கில் கம்பு வாங்கிவந்தான். போர்வையைக் கட்டினார்கள். நான்கு நான்கு பேராக மாறி மாறி உன்னைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கினார்கள். உன் இருமுடியை நான் வைத்துக்கொண்டேன். மற்றக் குழுக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நீ கையால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாய்.

பம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. இதயத்தில் ஒன்றுமில்லை, சர்க்கரை இறங்கி உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். உனக்கு டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் மலையெங்கும் சரணகோஷம் எழும்பியது. ஜோதி தெரிந்துவிட்டது. பயல்கள் ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்றிருந்தார்கள். செல்வம் சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உனக்குக் கஞ்சி கிடைக்குமா என்று கேட்கப் போனான்.

கஞ்சியோடு அவன் வந்ததும் எல்லோரையும் உள்ளே கூப்பிடச் சொன்னாய். நர்ஸ் விடவில்லை. ஐந்தாறு பேரை விட்டார்கள். அவர்கள் முன்னால்தான் நீ அதைச் சொன்னாய். சுற்றி வளைக்காமல், ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுகிறவன் மாதிரிச் சொன்னாய். மாடசாமி என்று ஒருத்தர் எங்களோடு வந்தார். அவருக்குக் காய்ச்சல். என்னைக் கூட விட்டுப் போனார்கள். நான் ஒரு மணி நேரம் இருந்தேன். கம்பத்துக் குழுவும் இல்லை, வைத்தியரும் இல்லை. தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து முடித்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு, தண்ணி எடுத்துட்டு வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஜோதி பார்க்கவேண்டும் என்ற ஒரே ஆசை.

"நான் சொன்ன கதையெல்லாம் பொய்யில்ல. இத விட்டுட்டுச் சொன்னேன்" என்று முடித்தாய்.

செல்வம் கஞ்சித் தம்ளரை நீட்டினான். நீ வாங்கிக்கொண்டாய். மறுநாள் மதியத்துக்கு மேல் உன்னை டோலியில் வைத்துச் சன்னிதானம் கொண்டுபோனோம். படியில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள நீ ஏறினாய். உள்ளே என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து உடம்பு தேறியதும், மாசி மாதத்தில், கடையம் போகவேண்டும் என்றாய். போலீஸ்காரனுக்கு ஒரு விலாசம் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? இரண்டு நாளில் கண்டுபிடித்தாய். நாற்பது வருடமாகக் கண்டுபிடிக்காமல் இருந்ததுதான் உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். பஸ்ஸில் போகும்போது சொன்னாய்: நீ பயிற்சியில் இருந்தபோது, கடையத்திலிருந்து ஒரு ஆள் உன்னைத் தேடி வீட்டுக்கு வந்ததாக உன் அம்மா சொல்லியிருக்கிறார்கள். ஏன் விட்டுவிட்டு ஓடினாய் என்று கேட்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்திருக்கிறாய். பிறகு ஒரு தடவை கடையத்துக்கு மாறுதல் வந்தபோது, கையைக் காலைப் பிடித்து வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டாயாம். எனக்கு அதுவரை தெரியாது.

மாடசாமி அண்ணாச்சி இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. மகள் பேச்சியம்மாள் இருந்தாள். நம் யாத்திரையின்போது அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாம். மடியில் பீடித்தட்டோடு இருந்தவள், எழுந்து நாற்காலி போட்டாள். நீ உட்காரவில்லை. உங்கள் அய்யாவை மலையில் விட்டுவிட்டு வந்தவன் நான்தான் என்று நின்றபடி சொன்னாய்.

"தண்ணிக்குப் போன பையன் நீங்கதானா?" என்றாள்.

அவளே தொடர்ந்து சொன்னாள்.

"எங்கய்யா சொல்லுவாவ. பின்னால வந்த சாமிமாரு எத்தனையோ பேரு தூக்கிட்டுப் போறோம்னு கூப்பிட்டாவளாம். இவுக மாட்டேன்னுட்டாவளாம். பையன் தண்ணிக்குப் போயிருக்கான், புதுசா வந்த பய, திரும்பி வந்து என்னயக் காணலேன்னா காட்டுக்குள்ள தேடி அலைவான்னு சொல்லி, மறுநா மத்தியானம் வரைக்கும் அங்கனயே கெடந்திருக்காவ."

நீ அப்படியே தரையில் உட்கார்ந்தாய்.

அவள் நிறுத்தவில்லை. கடைசியில் மயங்கிக் கிடந்த அவரை வேறு ஒரு குழுவினர் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் நடக்க முடிந்தவுடனே இலத்தூர் போயிருக்கிறார். அந்தப் பையன் காட்டில் வழி தவறிப் போனானோ, யானை கீனை அடித்ததோ என்று அவருக்கு ஒரே பயம். உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். பையன் நல்லா இருக்கான், போலீஸில் சேர்ந்துவிட்டான் என்று அவர்கள் சொன்னார்களாம். திரும்பி வந்து, பய வீடு சேர்ந்துட்டான் என்று வீட்டில் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னாராம்.

அதன் பிறகு அவர் மலைக்குப் போனாரா என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, பனியில் கிடந்ததில் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது, அடுப்புப் புகையில் நிற்க முடியவில்லை, சமையல் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார், அம்மாவும் நானும் பீடி சுற்றித்தான் வீடு ஓடியது என்று அவள் சொன்னாள். அதையும் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நீ குலுங்கி அழுதாய். 'எதுக்கு அண்ணாச்சி அழுவுதிய, அவுக ஒங்க மேல கோவமா இல்ல' என்றாள். உன்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸுக்கு நின்றபோது நீ பேசினாய்.

"அந்தக் காலம் நல்ல காலம்னு சொல்லிட்டே இருந்தேம்லா. நல்லவரு ஒருத்தரு இருந்தாரு. அவர விட்டுட்டு வந்த காலம்லே அது."

பஸ் வந்தது. உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாய்.

"நீ அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேலா?"

ஆமாம் என்றேன்.

"பெறவு ஏம்லே கேக்கல?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தென்காசி வருகிற வரை பார்த்துக்கொண்டே வந்தேன். நீ மறுபடி கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

இப்போது சொல்கிறேன். காலித் தூக்குவாளியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் நீ ஒப்புக்கொண்டிருப்பாய். ஒப்புக்கொண்டால் நம்மில் ஒருத்தராவது மலை ஏறித் திரும்பிப் போகவேண்டும். நீ களைத்திருந்தாய். போகிற ஆள் நானாக இருந்திருப்பேன். எனக்கும் ஜோதி பார்க்கவேண்டியிருந்தது. அவ்வளவுதான். நீ ஒரு மணி நேரமாவது அவர் பக்கத்தில் இருந்தாய். நான் அதுகூட இல்லை. உன்னை மட்டும் குற்றவாளியாக மனதுக்குள் வைத்துக்கொண்டு, உன் கதைக்குத் தலையாட்டிக்கொண்டு, நான் நல்லவனாக இருந்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் நீ சொல்லும்போதாவது நானும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பின் வந்த வருடங்களில் நீ மாறியதை ஊரே பார்த்தது. விரட்டுவது நின்றது. முடி கட்டுகிற அன்று கன்னிச்சாமிகளை உட்காரவைத்துப் பழைய யாத்திரையைச் சொல்வது நிற்கவில்லை. ஆனால் அதில் இப்போது பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓடிவந்த பையன் யார் என்பதை நீயே சொன்னாய். சிலபேருக்கு அது பிடிக்கவில்லை. குருசாமி இப்படிப் பேசலாமா, கன்னிச்சாமிக்கு மலைமேல் நம்பிக்கை போய்விடாதா என்று முணுமுணுத்தார்கள். ஆனாலும் குழுவை விட்டுப் போனவன் ஒருத்தனும் இல்லை. பேச்சியம்மாள் வீட்டுக்கு வருடா வருடம் பிரசாதம் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவள் பேரனுக்கு நீதான் மாலை போட்டுவிட்டாய். பெருவழியில் இனி குருசாமி முன்னால் நடக்கமாட்டார், கடைசியில்தான் வருவார் என்றும் ஒரு வழக்கம் வைத்தாய்.

உனக்கு நம்பிக்கை கூடியதா குறைந்ததா என்று நான் யோசித்ததுண்டு. முன்பெல்லாம் ஐயப்பன் பார்த்துக்கொள்வான் என்பது உன் வாயில் நாளுக்குப் பத்துத் தடவை வரும். கடைசி வருடங்களில் அதை நீ சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் சரணம் சொல்லும்போது உன் குரல் முன்பைவிட நிதானமாக இருந்தது. யாருக்கோ கேட்கவேண்டும் என்று சொல்கிற மாதிரி இல்லை.

போன வருடம் ஆவணியில் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். செல்வம் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாளும் உன் வீட்டு வாசலிலேயே இருந்தான். அவனுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அதற்காக அவன் மாலை போடாமலும் இல்லை. இப்போது அவன்தான் குழுவை நடத்துகிறான். நீ போன அந்த வருடமே, கார்த்திகை பிறந்ததும் என்னிடம் வந்தான். கடைசியில் வர ஒரு ஆள் வேண்டும், நீங்கள் வருகிறீர்களா என்றான். எனக்கு எதற்கப்பா, நான் குருசாமி இல்லையே என்றேன். குருசாமி வேண்டாம், கடைசியில் வர ஆள்தான் வேண்டும் என்றான். போட்டுக்கொண்டேன். புறப்படுகிற அன்று, கன்னிச்சாமிகளிடம் உன் கதையைச் செல்வம் சொன்னபோது, என் பங்கை நான் சொன்னேன். உன் பெண்டாட்டி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த வருடத் தொடக்கத்தில், தை பிறந்தபோது நடந்தோம். கரிமலை இறக்கத்தில் நம் குழுவில் ஒருத்தர், ரைஸ்மில்லில் வேலை பார்க்கிறவர், கனத்த உடம்பு, பாதமெல்லாம் கொப்புளம், வழியோரம் உட்கார்ந்துவிட்டார். முன்னால் போனவர்கள் சத்தம் வளைவுக்கு அப்பால் தேய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் ஜோதி நாள்தான். அவருக்கு என்னைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"நீங்க போங்க சாமி, நேரமாவுது. நான் மெள்ள வாரேன்" என்றார்.

நான் இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை என்று சொன்னேன். சொன்னபிறகு யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.